வாய்க்கால் வரம்பில் மூன்று கட்டைகள்

பிள்ளைகளே, போன விடுமுறையில் நீங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வடக்குக்குப் போனீர்கள். யுத்தம் நடந்த இடங்களையும் அங்கே எழுப்பியிருக்கும் தூபிகளையும் போனில் படமெடுத்து வந்து காட்டினீர்கள். ஒரு தூபிக்கு முன்னால் சின்னவள் இரண்டு விரலை விரித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பித் தந்துவிட்டேன். வாப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நானும் அப்படி ஒரு இடத்துக்குப் போய்வந்திருந்தேன். அங்கே தூபியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அதை உங்களுக்கு வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, முன்பின்னாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

உங்கள் மாமியின் கணவரை நீங்கள் கண்டதில்லை. எனக்கு மச்சான், உங்களுக்கு மாமா. நான் மீசை அரும்பித் திரிந்த வயதில் அவர் எனக்கு மூத்தவரான ராத்தாவை, உங்கள் மாமியை, கலியாணம் முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி ராத்தாவின் வீட்டுக்கே வந்து இருந்தார். தெற்குப் பக்கத்து வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், குத்தகைக்கு வயல் செய்தார். பிரச்சினைக் காலம் அது. தனியாகப் போகப் பயந்து, எல்லா உழவு மெசினும் சந்தியில் சேர்ந்து, கோன் அடித்து ஆட்களைக் கூப்பிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். அப்படிப் போன ஒரு நாள் பின்னேரம் வட்டையில் வெடிச்சத்தம் கேட்டது. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். மாமா வரவில்லை.

அதன் பிறகு வெகுகாலம் அந்தப் பாதை பூட்டிக் கிடந்தது. போய்த் தேட ஒருவரும் இல்லை. ஜனாஸாவாக உடல் கிடைக்காதபடியால் மாமி அவரை மௌத்தாக விடவில்லை. காழியிடம் போய்க் கலியாணத்தை முறித்துக்கொண்டு வேறு முடி என்று சொன்னவர்களோடு அவர் பேச்சை நிறுத்தினார். யுத்தத்தில் மௌத்தானவர்களின் பெயர்களைப் பள்ளிவாசல் சுவரில் கல்லில் வெட்டியபோது, மாமாவின் பெயரையும் கேட்டு வந்தார்கள். "அவர் வந்து பாத்தா என்ன நினைப்பார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். சுனாமியில் வீடு போனதும் மேற்கே புது வீட்டுத் திட்டத்தில் காணி தந்தார்கள். மாமி எடுக்கவில்லை. பழைய வளவிலேயே கட்டினார். வருகிறவருக்குப் பாதை தெரிய வேண்டுமே என்பது அவர் நியாயம்.

இனி என் வியாபாரக் கதைக்கு வருகிறேன். நான் லொறியில் திருக்கோவிலுக்கு அங்கால் வரைக்கும் போய் நெல் எடுப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே, மாமா குத்தகைக்குச் செய்த வட்டைக்குக் கிட்ட, ஒரு தமிழ் விவசாயியின் வயலோரம், வாய்க்கால் வரம்பில், வரிசையாக மூன்று கட்டைகள் நட்டு, ஆளை அடக்கிய ஒரு கபுறு இருக்கிறது. எங்கள் கபுறுகளில் ஆணுக்கு இரண்டு மீசான் கட்டை நடுவோம், பெண்ணுக்கு மூன்று. ஆகவே அந்தப் பக்கம் மாடு மேய்க்கப் போகிற நம் ஆட்கள், வைக்கோல் ஏற்றப் போகிறவர்கள், நான், எல்லோருக்கும் அது ஒரு பெண்ணின் கபுறு. யாரோ பாவம், ஓடி வந்த இடத்தில் மௌத்தாகியிருக்கும் என்று ஸலாம் சொல்லிவிட்டுப் போவோம். காணாமல் போன ஆணைத் தேடுகிற எவரும் அதன் கிட்டப் போய் விசாரித்ததில்லை.

இந்தப் பெரும்போக அறுவடையில் நான் நெல் நிறுத்துக்கொண்டு நிற்கும்போது வாய்க்காலை அகலிக்க ஒரு பெக்கோ வந்தது. மண் அள்ளும் அதன் கை கட்டைகளுக்குக் கிட்ட இறங்கியதும் விவசாயி ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"இதுல கை வைக்கப்படா. அங்கால சுத்தி வெட்டு."

"சுத்தி வெட்டினா வாய்க்கால் கோணும் ஐயா. இதென்ன, ஒங்கட சாமியா?" என்றார் பெக்கோக்காரர்.

"சாமி இல்ல. முதலாளிட ஆக்கள்ற."

என்னைத்தான் காட்டினார். நானும் உதவிக்கு, "ஓம் தம்பி, அது எங்கட ஒரு பொம்புளட கபுறு. பாத்து வெட்டுங்க" என்றேன்.

விவசாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொம்பிளையா? ஆர் முதலாளி சொன்ன? ஆம்பிளைதானே. நான்தானே தாட்ட."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை காலம் அடக்கி வைத்ததை வாய் கக்கிவிட்டது என்று அவருக்கே விளங்கியது. எப்போது என்று மட்டும் கேட்டேன். "அந்த வெடி நேரம்" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் நடந்தார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்ற பயம். அவர் புதைத்தவர் மட்டும்தானா, சுட்டவருமா என்ற நினைப்பும் வந்தது. உங்களிடம் மறைப்பானேன், ஏறி வந்த நெல்லை அன்று நான் சரியாக நிறுத்தேனா என்றுகூடத் தெரியாது.

அன்று நான் ஊருக்குத் திரும்பி வந்தபோது மாமி அடுப்படியில் கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். அவர் கையைக் கழுவினார். சட்டியை மூடினார். பிறகு கேட்டார்.

"ஆள் எப்படி இரிந்த எண்டு நீ ஏதும் கேட்டயா?"

"இல்ல ராத்தா."

"இன்ன மாதிரி ஒராளத் தேடுறம் எண்டு சொன்னயா?"

"ஒண்டும் சொல்லல்ல."

"நல்ல வேலை செஞ்சாய். நான் வந்து கேக்கன். நீ வாயத் திறக்கப்படா. அவர்ர ஒரு அடையாளம் எனக்குத் தெரியும். ஒனக்கும் சொல்ல மாட்டன். அந்த மனிசன் தானாச் சொன்னா நம்புவன். சொல்லாட்டி அது வேற ஆரோ."

"பொம்புளைகள் மையவாடிக்குப் போறல்லையே ராத்தா. ஆக்கள் கதைப்பாங்க."

"மையவாடியா அது? வட்டைதானே. நெல்லுப் பாக்கப் போறன் எண்டு சொல்லு."

இவ்வளவுதான் பிள்ளைகளே பிரச்சினை. அங்கே கிடப்பவர் மாமாவா இல்லையா. ஆம் என்றால் மாமி அன்றிலிருந்து கைம்பெண். இல்லை என்றால் பழையபடி காத்திருக்கும் பெண்சாதி. எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதற்குத் துஆக் கேட்பது என்று தெரியாமல் அன்று தொழுகையில் கையை ஏந்திக்கொண்டு சும்மா இருந்தேன்.

அடுத்த நாள் விடிய லொறியில் புறப்பட்டோம். காரைதீவு தாண்டும்வரை மாமி ஆசனத்தைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். "பின்னால ஏத்துற மூட்டைக்கு நீ குடுக்கிற மரியாதை முன்னால இருக்கிற ஆளுக்கு இல்ல. இந்தக் கம்பி என்ர முதுக ஓட்ட போடுது."

"மூட்ட வாய் பேசாது ராத்தா. அதுக்குத்தான் மரியாதை."

சிரித்தார். அக்கரைப்பற்று கழிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மாமா போன நாளிலிருந்து அந்தப் பக்கமே அவர் வந்ததில்லை. பாதையோரம் இடிந்து கிடந்த பழைய காவலரண் ஒன்றைக் கண்டதும், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இதாலயா போன?" என்றார். ஓம் என்றேன். அவர் மூச்சு விடும் சத்தம் என்ஜின் சத்தத்துக்கு மேலால் எனக்குக் கேட்டது.

விவசாயியும் அவர் மனைவியும் வயல் வாடியில் இருந்தார்கள். நெல்லுக்குக் காவல் இருக்கும் சின்னக் குடிசைதான் அது. என்னோடு ஒரு பெண் இறங்கியதும் அவர் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பொலிசுக்குச் சொன்னீங்களா முதலாளி?"

"இல்லண்ணன்."

"சொன்னா நான் எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லவேணும். அந்த நேரம் உங்கட பக்கம் வந்து சொன்னா உங்கட ஆக்கள் என்னைச் சுட்டிருப்பாங்க. எங்கட பக்கம் சொன்னா ஏன் தாட்டாய் எண்டு கேட்டிருப்பாங்க. நான் என்ன செய்யிற?" பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நேற்றிலயிருந்து கண்ணால கேக்கிறீங்க. வாயால கேளுங்கவன்."

நான் கேட்க வாயெடுத்தேன். மாமி முந்திக்கொண்டார்.

"ஆர் சுட்ட எண்டு நான் கேக்க வரல்ல அண்ணன். ஆள் எப்படிக் கிடந்தார், அத மட்டும் சொல்லுங்க. முழுக்கச் சொல்லுங்க. நான் இடையில ஒண்டும் கேக்க மாட்டன்."

விவசாயியின் மனைவி பனையோலைப் பாயை விரித்தார். மாமி இருந்தார். நான் வாடிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லத் தொடங்கினார்.

"முதல் நாள் பின்னேரம் வெடி கேட்ட. நாங்க வெளிய வரல்ல. விடியத் தண்ணி திருப்ப வந்தா வாய்க்காலுக்குள்ள ஆள் கிடக்கிறார். குப்புற. தண்ணி அவர்ல முட்டித்தான் வரம்பால வழியிது. இழுத்து மேல போட்ட நான். சாரன் நீலக் கட்டம். சேட்டு இல்ல. இடுப்பில அகலப் பட்டி."

நீலக் கட்டச் சாரனும் அகலப் பட்டியும் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் கட்டினார்கள். நான் மாமியைப் பார்த்தேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"முதுகில காயம். முன்னுக்கு இல்ல. நல்ல உயரமுமில்ல, கட்டையுமில்ல. என்ர வயசுதான் இருக்கும். மறுகா, மம்பெட்டியால வெட்டி, சாக்கு விரிச்சு, தலையத் தெற்கே வச்சு மூடின நான். எங்களுக்கு அப்பிடித்தான். உங்கட முறை எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்கா."

அவ்வளவுதான் என்று அவர் நிறுத்தினார். மாமி சொன்ன அடையாளம் வரவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அது காலிலா, கையிலா, என்ன தழும்பு என்று எனக்கும் தெரியாது. விவசாயியை உலுக்கி, இன்னும் சொல்லுங்கள், பல்லைச் சொல்லுங்கள், விரலைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. மாமி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவர் பாயிலிருந்து எழும்பக் கையை ஊன்றினார்.

அப்போது விவசாயியின் மனைவி, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவர், புருஷனிடம் மெல்லச் சொன்னார். "அந்தத் தலைக் கதையையும் சொல்லுங்களன்."

"சும்மா இரு. அது என்னத்துக்கு?"

"முழுக்கத்தானே கேக்கிறா."

"செத்த மனிசனப் பத்திச் சிரிக்கிற மாதிரிக் கதைக்கிறதா? மரியாதையில்ல."

மாமியின் கை பாயில் அப்படியே நின்றது. கேட்க மாட்டேன் என்று சொன்னவர் கேட்கவில்லை. தேத்தண்ணியை வாங்கினார். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். விவசாயி அதைக் கண்டுவிட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"குறை நினைக்கப்படா கா. தலை வழிச்சிருந்தார், உங்கட ஆக்கள் வழிக்கிற மாதிரி மொட்டையா. ஆனா அரைகுறை. தூக்கேக்க என்ர கையில மயிர் பட்ட. இடது காதுக்குப் பின்னால ஒரு கொத்து, வழிக்காம விட்டுக் கிடந்த. வழிச்சவனுக்குக் கண் தெரியாதோ எண்டு அந்த நேரத்திலயும் எனக்கு நினைப்பு வந்த. அதுதான் சொல்லல்ல."

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நான்தான் வழிச்ச. பிளேட்டு மழுங்கிட்டு. அந்த மூலைல ஓடல்ல. புதுசு மாத்தப் போகக்குள்ள சந்தில கோன் அடிச்சிட்டாங்க. தொப்பியப் போட்டுட்டு எழும்பிட்டார். வந்து மிச்சத்த வழிப்பம் எண்டார். ஊருக்குள்ள ஆரும் பாத்தாச் சிரிப்பாங்க எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல, தம்பி. ஒருத்தருக்கும்."

அழவில்லை. விவசாயியின் மனைவிதான் அழுதார். அவருடைய தம்பியும் அந்தக் காலத்தில் போய் வராதவராம். "எங்க கிடக்கிறானோ. ஆரும் ஒரு தடியாவது நட்டிருப்பாங்களா எண்டு நினைச்சுத்தான், இங்க கட்டை உக்கினா புதுசு நடுங்க எண்டு இவர அரிக்கிற நான்" என்றார்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. "ஏன் அண்ணன் மூணு நட்டீங்க?"

"உங்கட ஊரால கரத்தையில போகேக்க மையவாடி ஓரத்தில ஒரு புதுக் கபுறு கண்ட நான். மூணு கட்டை. அதப் பாத்துத்தான் நட்ட. பிழையா?"

"அது பொம்புளட கபுறு அண்ணன். ஆம்புளைக்கு ரெண்டு" என்றார் மாமி. சொல்லும்போது அவர் உதடு ஒரு பக்கம் கோணிச் சிரிப்புப் போல வந்தது. "அரைத் தல வழிச்சு அனுப்பின நான். மூணு கட்டை நட்டுப் பொம்புளையாக்கின நீங்க. நல்லா மாட்டினார் ரெண்டு பேருக்கிட்டயும்."

விவசாயி சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு கட்டையால் எத்தனை பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "இப்பவே பிடுங்கிறன்" என்று எழும்பினார்.

வரம்புக்குப் போனோம். இப்போது நிற்பவை மரக்கட்டை இல்லை, வேலிக்குப் போடும் கொங்கிறீட் தூண்கள். விவசாயி கடைசித் தூணைப் பிடித்து ஆட்டினார். மாமி தடுத்தார்.

"கிடக்கட்டும் அண்ணன். அவர உலுப்பாதீங்க. ஒங்கட கையால நட்டது நிக்கட்டும்."

ஊருக்குக் கொண்டுபோய் நம் மையவாடியில் அடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. கோர்ட், பொலிஸ் என்று போக வேண்டும், விவசாயியையும் இழுப்பார்கள். மாமியின் அந்தச் சொல்லோடு அந்த எண்ணத்தை விட்டேன்.

மாமாவுக்கு அதுவரை ஜனாஸாத் தொழுகை நடக்கவில்லை. கபுறடியில் நின்றும் தொழலாம். வாய்க்காலில் கை கால் முகம் கழுவி ஒழுச் செய்துகொண்டு வந்தேன். தொழுவிப்பவர் ஆணின் தலைமாட்டுக்கு நேரே நிற்க வேண்டும். எங்கள் முறையில் தலை வடக்கே வைப்போம், அந்தப் பழக்கத்தில் நான் வடக்குத் தூணடியில் போய்க் கையைக் கட்டிவிட்டேன். மாமி பின்னாலிருந்து, "தம்பி, தல அங்கால" என்றார். நகர்ந்து தெற்குத் தூணடிக்கு வந்து, மேற்கே பார்த்து நின்றேன். முதல் தக்பீர் சொன்னேன். விவசாயி சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் மனைவியோடு வரம்பின் கீழே நின்றார். முடிந்ததும் மாமி தூணைத் தொடவில்லை. குனிந்து தெற்குப் பக்கத்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார். ஒரு தலையைத் தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு, போவோம் என்றார்.

திரும்பும் வழியில் ஆசனத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மௌலவியிடம் போய் இத்தாவைப் பற்றிக் கேட்டேன். கணவன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தா. அது மௌத்தான நாளிலிருந்து கணக்கு, ஆகவே எப்போதோ முடிந்துவிட்டது, உங்கள் ராத்தா இருக்கத் தேவையில்லை என்று அவர் சொன்னார். அதைப் போய்ச் சொன்னேன்.

"சட்டத்துக்கு முடிஞ்சிருக்கும்" என்றார் மாமி. "எனக்கு நேத்துத்தானே மௌத்து. நான் இரிக்கன். ஆருக்கும் நட்டமில்ல."

வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நீங்கள் மாமி வீட்டுக்குப் போகும்போது அவர் வாசலுக்கு வராதது அதனால்தான். அவருக்குச் சுகமில்லை என்று உங்கள் உம்மா சொன்னது உங்களைச் சமாளிக்க. பள்ளிவாசல் கல்லில் பெயர் சேர்ப்பதா என்று நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற நேரம் வரும்.

அன்று பகல், மாமி ளுஹர் தொழுதுவிட்டுக் கண் அயர்ந்த பிறகு, நான் தனியாக அந்த வீட்டு முன்பக்கம் போனேன். ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்குத் திரை கிடையாது. ரோட்டில் வருகிறவரைப் பார்ப்பதற்காகவே மாமி திரை போடாமல் விட்டிருந்தார். என் சாரன் ஒன்றைக் கிழித்து, நாலு மூலைக்கும் ஆணி அடித்தேன். சத்தம் கேட்காதிருக்க ஆணியின் தலையில் துணியை வைத்து மெல்ல மெல்லத் தட்டினேன். பிறகு கேற்றைத் திறந்து ரோட்டுக்குப் போய், அந்த வீட்டைத் தெரியாத ஒருவனைப் போல நின்று உள்ளே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.